கோட்டிலியோன் மலையின் அப்போலோ கோயில்: தொலைவு காத்ததும் காக்காததும்

கிரேக்க நாட்டில் மலைகளுக்கு நடுவே, ஊர் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், பெரும்பகுதி சிதையாமல் நிற்கும் ஒரு பழங்கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அதை ஏன் அத்தனை தொலைவில் கட்டினார்கள், எப்படி அது அழியாமல் தப்பியது, கூடாரம் போட்டு மூடிவைத்திருக்கும் ஒரு கட்டடத்தைச் சிரமப்பட்டுப் போய்ப் பார்ப்பது தகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் குறிப்பிடுவது பாஸ்ஸே என்ற இடத்தில் உள்ள அப்போலோ எபிகூரியோஸ் கோயில். பெலோப்பொன்னீஸ் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், பழைய அர்க்காடியா நாட்டின் தென்மேற்கு ஓரத்தில், கோட்டிலியோன் மலைச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,130 மீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. கிரேக்க நாட்டிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1986இல் முதன்முதலாக இடம்பெற்ற சின்னம் இதுதான். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ்கூட அடுத்த ஆண்டுதான் சேர்க்கப்பட்டது.

முதலில் 'தொலைவு' என்ற சொல்லைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். அந்த இடம் நமக்குத்தான் தொலைவு; கட்டியவர்களுக்கு அல்ல. கோயிலைக் கட்டியவர்கள் ஃபிகாலியா என்ற நகரத்தார். அந்த நகரத்தின் மதில்கள் மலைக்குக் கீழே, நெடா ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள மேட்டில் இன்றும் சிதைந்த நிலையில் காணக் கிடைக்கின்றன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடு முழுவதும் சுற்றித் தாம் கண்டவற்றை எழுதிவைத்த பௌசானியாஸ், நகரிலிருந்து கோட்டிலியோன் மலைக்கு ஏறத்தாழ 40 ஸ்டாடியா தூரம் என்று குறிக்கிறார். நம் கணக்கில் அது சுமார் 7 கிலோமீட்டர். திருவிழா நாளில் பலியிட வேண்டிய விலங்குகளை ஓட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் ஏறிவிடக்கூடிய தூரம்தான். கோயிலுக்கு மேலே, மலையின் உச்சிப் பகுதியில், ஆர்ட்டெமிஸ், அஃப்ரோடைட்டி என்ற பெண் தெய்வங்களுக்கு உரிய சிறு கோயில்களும் இருந்தன. ஆக, ஒரு தனிக் கோயிலைக் கொண்டுபோய் வனாந்தரத்தில் வைத்தார்கள் என்பதைவிட, ஒரு நகரம் தன் எல்லையில் இருந்த புனித மலையை நூற்றாண்டுக்கணக்கில் போற்றி வந்தது என்று சொல்வதே பொருந்தும். இன்று நிற்கும் கட்டடத்துக்கு முன்பே, கி.மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகளிலேயே அங்கு அப்போலோ வழிபாடு இருந்ததற்குச் சுடுமண் கூரைத் துண்டுகளும் நேர்த்திப் பொருள்களும் சான்றாகக் கிடைத்துள்ளன. பாஸ்ஸே என்ற பெயருக்குச் சிறு பள்ளத்தாக்குகள் என்று பொருள் சொல்வார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் மெஸ்ஸீனியாவின் இத்தோமே மலை தெரியும். வடகிழக்கே ஸீயஸின் மலையாகிய லிக்கேயோன் நிற்கிறது. நகரங்கள் அழிந்து, பாதைகள் மறந்துபோன பிறகே அந்த மலை தொலைவாகிவிட்டது.

அடுத்து, ஏன் கட்டினார்கள் என்பது. அப்போலோவுக்கு அங்கே வழங்கிய பெயர் எபிகூரியோஸ். துணைக்கு வருபவன், உதவுபவன் என்பது அதன் பொருள். எபிக்கூரஸ் என்ற தத்துவ அறிஞரோடு இதைச் சிலர் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்; சொல்லின் வேர் ஒன்றுதான், ஆனால் அவர் பிறந்தது கி.மு. 341இல், அதாவது கோயில் எழுந்து இரண்டு தலைமுறைகளுக்கும் மேல் கழிந்த பிறகு. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே நடந்த பெலோப்பொன்னீஸியப் போரின்போது பரவிய கொள்ளைநோயிலிருந்து ஃபிகாலியா மக்களைக் காத்ததால் அப்போலோவுக்கு இந்தப் பெயர் வந்தது என்றும், அந்த நன்றிக்கடனே இந்தக் கோயில் என்றும் பௌசானியாஸ் எழுதுகிறார். பெரும்பாலான வழிகாட்டிப் புத்தகங்கள் இதை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அதில் தயக்கம் உண்டு. அந்தக் கொள்ளைநோயை நேரில் கண்டு, தாமும் அதற்கு ஆளாகி, பிழைத்து எழுதிய தூசிடிடீஸ், நோய் ஏதென்ஸையும் மக்கள் நெருக்கமான வேறு சில ஊர்களையும்தான் வாட்டியது, பெலோப்பொன்னீஸுக்குள் குறிப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு நுழையவில்லை என்று தெளிவாகச் சொல்கிறார். பௌசானியாஸ் எழுதியது நடந்து ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பிறகு. தூசிடிடீஸ் எழுதியது தம் வாழ்நாளில் நடந்ததை. நோய் வராமல் காத்ததற்கே நன்றி என்று வாதிட்டு இரண்டையும் ஒத்துப்போகச் செய்யலாம். ஆனாலும் வேறொரு விளக்கம் என்னை அதிகமாக ஈர்க்கிறது.

கிரேக்க மொழியில் எபிகூரோஸ் என்ற சொல், போரில் துணைக்கு வரும் படைவீரனையும், கூலிக்குப் போரிடும் வீரனையும் குறிக்கும். அர்க்காடியா மலைநாடு, விளைநிலம் குறைவு, அங்குள்ள இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டு மன்னர்களிடம் கூலிப்படையாகச் சென்றவர்கள். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸுக்காகப் போரிடச் சென்ற புகழ்பெற்ற பத்தாயிரம் கிரேக்கர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அர்க்காடியரும் அக்கீயரும்தான் என்று, அவர்களோடு சென்ற க்ஸெனஃபோன் பதிவு செய்திருக்கிறார். பாஸ்ஸேயில் கிடைத்த நேர்த்திப் பொருள்களில் கையடக்கமான சிறு வெண்கலக் கவசங்கள் இருக்கின்றன. உயிரோடு திரும்பிய படைவீரன் ஒருவன் தன் மலைக்கு ஏறிவந்து வைத்த காணிக்கையாக அவற்றைப் பார்த்தால், துணைவரும் அப்போலோ என்ற பெயர் இயல்பாகவே பொருந்துகிறது. அப்படியானால், ஒரு சிறு மலை நகரத்துக்கு இவ்வளவு பெரிய கட்டடத்துக்கான செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்துவிடுகிறது. இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் கொள்ளைநோய்க் கதையைவிட இது மண்ணோடு ஒட்டியதாக எனக்குப் படுகிறது.

கட்டடக் கலைஞர் யார் என்பதிலும் இதேபோன்ற ஒரு சிக்கல் உண்டு. ஏதென்ஸில் பார்த்தினன் கோயிலைக் கட்டிய இக்டினோஸ்தான் இதையும் கட்டினார் என்பது பௌசானியாஸ் தரும் செய்தி. தெகேயா நகரின் கோயிலை விட்டுவிட்டால், கல்லின் அழகிலும் அமைப்பின் ஒத்திசைவிலும் பெலோப்பொன்னீஸின் எல்லாக் கோயில்களுக்கும் மேலாக இதை வைக்கலாம் என்றும், இதன் கூரையும் கல்லால் ஆனது என்றும் அவர் வியந்து சொல்கிறார். ஆனால் கட்டடத்தை மட்டும் பார்த்தால், பார்த்தினனைக் கட்டிய கையின் அடையாளம் எளிதில் தெரிவதில்லை. பார்த்தினனின் அடித்தளமே நடுவில் மெல்ல மேலெழும்பி வளைந்திருக்கும். அதுபோன்ற நுட்பமான வளைவுகள் இங்கே பெரிதாகக் காணப்படவில்லை. கோயிலின் நீளமும் அகலமும் பழைய பாணியைச் சேர்ந்தவை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முகப்பில் 6, பக்கவாட்டில் 13 தூண்கள் என்பது வழக்கமாகியிருந்தபோது, இங்கே 6க்கு 15 என்று, நூறாண்டு பழைய கோயில்களைப்போல நீண்டு கிடக்கிறது. உள்ளே நுழைந்தாலோ அந்தக் காலத்தில் வேறு எங்கும் இல்லாத புதுமை. வெளியே பழமையையும் உள்ளே துணிச்சலான புதுமையையும் ஒரே மனிதர் வேண்டுமென்றே சேர்த்தாரா, அல்லது கட்டட வேலை இடையில் நின்று வேறொருவர் கையில் முடிந்ததா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஏறத்தாழ 430க்கும் 400க்கும் இடையில், கட்டடம் நிறைவடைந்திருக்கும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

வெளிப்புறத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏறத்தாழ 38 மீட்டர் நீளமும் 14.5 மீட்டர் அகலமும் கொண்ட மேடையில், சுற்றிலும் எளிய தலைப்பகுதி கொண்ட டோரிக் பாணியில் 38 தூண்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். எல்லாம் அந்த மலையிலேயே வெட்டியெடுத்த சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். வெயில் சாயும்போது அந்தக் கல்லுக்கும் சுற்றியுள்ள பாறைக்கும் நிறத்தில் வேறுபாடு தெரியாது என்பது இந்தக் கட்டடத்தின் தனி அழகு. கூரை ஓடுகள், சிற்பங்கள், உள்ளே சில போதிகைகள் (தூண்களின் தலைப்பகுதிகள்) ஆகியவற்றுக்கு மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்த சலவைக்கல்லைப் பயன்படுத்தினார்கள். கிரேக்கக் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்க, இது வடக்கு நோக்கியிருக்கிறது. மலைச்சரிவில் இருந்த இடத்துக்கேற்பத் திருப்பினார்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கருவறையின் கிழக்குச் சுவரில் திறக்கும் தனி வாயிலைப் பார்த்தால், திசையை மறந்துபோய்க் கட்டவில்லை என்பது விளங்கும்.

இப்போது உள்ளே வருவோம். நான் இந்தக் கோயிலைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்ல அனுமதி இருந்தால் இதைத்தான் சொல்வேன்: கிரேக்கக் கோயில் என்பது வெளியே நின்று பார்ப்பதற்கான கட்டடம், பலிபீடம் வெளியே, கூட்டமும் வெளியே, உட்புறம் கடவுள் உருவத்தை வைக்கும் அறை மட்டுமே. பாஸ்ஸேயில்தான் உட்புறமே ஒரு படைப்பாக எண்ணி உருவாக்கப்பட்டிருக்கிறது. பிற கோயில்களில் கருவறைக்குள் தூண்கள் சுவரிலிருந்து விலகி, கூரையைத் தாங்கும் வேலைக்காக நிற்கும். இங்கே கருவறையின் இரு நெடுஞ்சுவர்களிலிருந்தும் உட்பக்கமாகக் குறுஞ்சுவர்கள் நீள்கின்றன. ஒவ்வொரு குறுஞ்சுவரின் முனையும் சுருள் வடிவத் தலைப்பகுதி கொண்ட அயோனிக் பாணி அரைத்தூணாக முடிகிறது. பக்கத்துக்கு ஐந்து, இடையிடையே மாடங்களைப்போலச் சிறு அறைப்பகுதிகள். அந்த அரைத்தூண்களின் அடிப்பாகம் மணியின் வாய்போல அகன்று விரிகிறது. போதிகைகளின் சுருள்கள் முன்பக்கம் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் திரும்பி, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் முகம் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தன. கடைசி இரண்டு குறுஞ்சுவர்கள் மட்டும் நேராக இல்லாமல் 45 பாகை சாய்ந்து, பார்ப்பவரின் கண்ணை நடுவே கொண்டுபோய் நிறுத்துகின்றன. அந்த நடுவில் ஒற்றைத் தூண் ஒன்று தனியே நின்றது. அதன் தலையில் இருந்த போதிகைதான், இன்று நமக்குத் தெரிந்தவரையில், உலகின் முதல் கொரிந்தியப் போதிகை, அதாவது இலைகள் செதுக்கிய போதிகை.

இந்தச் செய்தியின் எடையை உணர, பிற்காலத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ரோமர்கள் தங்கள் கோயில்களிலும் வெற்றி வளைவுகளிலும் எங்கும் பயன்படுத்தியது, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர்கள் மீட்டெடுத்தது, உலகெங்கும் நீதிமன்றங்களிலும் வங்கிகளிலும் நாம் காண்பது எல்லாம் அந்த இலைச்செதுக்கல் போதிகையின் வழித்தோன்றல்களே. கொரிந்து நகரத்துச் சிறுமி ஒருத்தியின் கல்லறைமேல் வைத்த கூடையைச் சுற்றி முள்ளிலைச் செடி ஒன்று படர்ந்ததைப் பார்த்து, கல்லிமாக்கஸ் என்ற சிற்பி இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தார் என்று ரோமக் கட்டடக் கலை அறிஞர் விட்ருவியஸ் ஒரு கதை சொல்கிறார். அழகான கதை. ஆனால் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உண்மையான போதிகை கொரிந்திலும் இல்லை, ஏதென்ஸிலும் இல்லை. இந்த மலைமேல்தான் இருந்தது. சாய்வாக நின்ற இரு அரைத்தூண்களுக்கும் அதே வகைப் போதிகைகள்தான் இருந்தன என்று வாதிடுவோரும் உண்டு.

ஒற்றைத் தூணுக்குப் பின்னால் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. அதற்குச் சுவரில்லை, தூணே எல்லை. அதன் கிழக்குச் சுவரில்தான் நான் குறிப்பிட்ட வாயில். காலை வெளிச்சம் அந்த வழியாகப் பக்கவாட்டில் நுழையும். வடக்கு வாயிலில் நிற்பவருக்கு, இருண்ட நீண்ட அறையின் கடைசியில், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சத்தின் முன்னால் அந்தத் தூண் நிழலுருவாகத் தெரிந்திருக்கும். அப்போலோவின் உருவம் எங்கே நின்றது, கிழக்கு நோக்கியா வடக்கு நோக்கியா என்பதெல்லாம் இன்னும் விவாதத்தில் இருப்பவை. தூணே கடவுளின் குறியீடாக வழிபடப்பட்டது என்ற கருத்தும் உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லாததால் நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். 12 அடி உயர அப்போலோ வெண்கலச் சிலையை, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுந்த மெகலோபோலிஸ் நகரை அழகுபடுத்த ஃபிகாலியா மக்கள் அளித்துவிட்டதாகப் பௌசானியாஸ் குறிக்கிறார். இந்த உட்புறம் வீணாகவில்லை என்பதற்கு அதே நூற்றாண்டில் தெகேயாவில் ஸ்கோப்பாஸ் என்ற கலைஞர் எழுப்பிய அத்தேனா கோயிலே சான்று: அங்கும் உட்சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், அங்கும் கொரிந்தியப் போதிகைகள், அங்கும் ஒரு பக்க வாயில்.

அரைத்தூண்களின் மேல், அறையின் நான்கு பக்கமும் சுற்றி ஓடியது ஏறத்தாழ 31 மீட்டர் நீளமுள்ள புடைப்புச் சிற்பப் பட்டை. மொத்தம் 23 சலவைக்கல் பலகைகள். 12இல் கிரேக்கருக்கும் அமேசான் வீராங்கனைகளுக்கும் நடக்கும் போர், 11இல் புராணக் கதைகளில் வரும் லாப்பித்தர் என்ற மக்களுக்கும் பாதி மனிதர் பாதி குதிரையான சென்டார்களுக்கும் நடக்கும் போர். சிற்பப் பட்டையைக் கோயிலின் உட்புறத்தில் வைப்பதே அக்காலத்துக்குப் புதுமை. பார்த்தினனின் பட்டையில் உள்ள அமைதியான ஊர்வலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் முரட்டுத்தனமாகத் தோன்றும். உடல்கள் குட்டையாகவும் திண்ணியதாகவும் இருக்கின்றன; ஆடைகள் காற்றில் முறுக்கிக்கொண்டு பறக்கின்றன; சென்டார் ஒருவன் எதிரியின் கழுத்தைக் கடிக்கிறான், அதே நேரத்தில் பின்கால்களால் இன்னொருவனின் கேடயத்தை உதைக்கிறான். எந்த ஆயுதமும் துளைக்க முடியாத லாப்பித்த வீரன் கேனியூஸை, சென்டார்கள் பாறையால் அடித்து உயிரோடு மண்ணுக்குள் புதைக்கும் காட்சியும் இருக்கிறது. கோயில் சிலையைக் கட்டிக்கொண்டு அடைக்கலம் தேடும் பெண்ணின் ஆடையைச் சென்டார் பற்றி இழுக்கிறான். இத்தனைக்கும் நடுவே ஒரு பலகையில், மான்கள் இழுக்கும் தேரில் அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் வந்து இறங்குகிறார்கள். துணைக்கு வருபவன் என்ற பெயரை அந்தப் பலகையின் முன் நின்று நினைக்கும்போது அதன் பொருள் வேறாக ஒலிக்கிறது. மங்கிய வெளிச்சத்தில், தலைக்கு மேல் உயரத்தில் பார்க்க வேண்டிய சிற்பம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அந்த முரட்டுச் செதுக்கலும் மிகையான அசைவுகளும் குறையாகத் தோன்றாது. அப்படித்தான் அங்கே செதுக்கியாக வேண்டும்.

தப்பியது எப்படி என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிரேக்கக் கோயில்கள் பலவும் பிழைத்தது பயன்பாட்டால். ஏதென்ஸின் ஹெஃபீஸ்டஸ் கோயில் இன்று அவ்வளவு முழுமையாக இருப்பதற்குக் காரணம் அது நூற்றாண்டுகளாக தேவாலயமாக இருந்ததுதான். பார்த்தினனும் தேவாலயமாகவும் மசூதியாகவும் இருந்து பிழைத்தது. 1687இல் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்தபோதுதான் நொறுங்கியது. பாஸ்ஸே பிழைத்தது பயன்படாமல் கிடந்ததால். கோயிலைச் சூறையாடிக் கல்லெடுத்து வீடு கட்ட அருகில் ஊர் இல்லை. சலவைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது இடைக்காலத்தில் எங்கும் நடந்த அழிவு. இந்த மலையோ முழுவதுமே சுண்ணாம்புக்கல்லாக இருக்க, செதுக்கிய தூண்களை உருட்டிச் செல்ல யாருக்கும் தேவை வரவில்லை. ஆனால் தொலைவு எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. கற்களை ஒன்றோடொன்று இணைக்க ஈயம் வார்த்துப் பொருத்திய இரும்புப் பிடிகளைப் பெயர்த்தெடுக்க வந்தவர்கள் இணைப்புகளைக் குடைந்து துளையிட்டுப் போனார்கள். பிடி இழந்த கற்கள் நிலநடுக்கத்தில் நகர்ந்தன. கூரை விழுந்தது, கூரையோடு உட்புறமும் சரிந்தது. சிற்பப் பலகைகள் இடிபாடுகளுக்கு அடியில் புதைந்துபோனதால், அவை காற்றும் மனிதரும் தீண்டாமல் கிடந்தன.

வெளியுலகம் இதை மீண்டும் அறிந்தது 1765 நவம்பரில். சாந்தே தீவில் மாளிகைகள் கட்டிக்கொண்டிருந்த ஜோவாகிம் போஷே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பயணத்தின்போது தற்செயலாக இதைக் கண்டு, பௌசானியாஸ் எழுதிய கோயில் இதுதான் என்று புரிந்துகொண்டார். மேலும் ஆராய இரண்டாம் முறை சென்றபோது வழிப்பறிக்காரர்களால் கொல்லப்பட்டார். அவருடைய சட்டையின் பித்தளைப் பொத்தான்களைப் பொன் என்று நினைத்தே கொன்றார்கள் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. பிறகு 1811இல், ஏஜினா தீவின் கோயிலைத் தோண்டி முடித்திருந்த இளைஞர் குழு ஒன்று வந்தது: ஆங்கிலேயர்களான காக்கரெல், ஃபாஸ்டர், ஜெர்மானியர்களான ஹாலர், லிங்க். இடிபாட்டுக்குள்ளிருந்து நரி ஒன்று ஓட, அதன் வளைக்குள் எட்டிப் பார்த்தபோது சிற்பப் பலகை ஒன்று கண்ணில் பட்டதாகக் காக்கரெல் விவரித்திருக்கிறார். அடுத்த ஆண்டு, பெலோப்பொன்னீஸை உஸ்மானியரின் சார்பில் ஆண்டுகொண்டிருந்த வேலி பாஷாவுக்குப் பங்கு தருவதாக ஒப்பந்தம் செய்து அனுமதி பெற்று, ஹாலர், ஸ்டாக்கெல்பெர்க் முதலானோர் மலைமேல் தங்கித் தோண்டினார்கள். சிற்பப் பட்டை முழுவதும் வெளியே வந்தது. பாஷா பதவி இழந்து புறப்படும் வேளையில் தம் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டார். பலகைகள் ஆங்கிலேயர் வசம் இருந்த சாந்தே தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1814இல் ஏலத்தில் பிரிட்டிஷ் அரசுக்கு விற்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவை லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சேர்ந்தன.

ஆக, வழியில்லாத மலை இரண்டாயிரம் ஆண்டுகள் காத்துவைத்ததை, வழி தெரிந்த சில மாதங்களில் இறக்கிவிட்டார்கள். அந்த இளைஞர்கள் வெறும் கொள்ளைக்காரர்கள் அல்லர். ஹாலர் அளந்து வரைந்து வைக்காதிருந்தால் இந்தக் கோயிலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரியாமலே போயிருக்கும். ஆனாலும் ஒவ்வொரு பலகையும் கிடந்த இடத்தை அவர்கள் போதுமான அளவு குறித்துவைக்காததால், 23 பலகைகளையும் எந்த வரிசையில் அடுக்குவது என்பது இன்றுவரை அறிஞர்களை வாட்டும் புதிராக இருக்கிறது. கொரிந்தியப் போதிகையின் கதை இதைவிடத் துயரமானது. ஹாலர் அதை வரைந்தார், மற்றவர்களும் பார்த்தார்கள், பிறகு அது உடைந்து சிதறிப்போனது. பின்னாள் அகழாய்வில் கிடைத்த சில துண்டுகள் ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உலகக் கட்டடக் கலையையே மாற்றிய ஒரு கல்லை நாம் ஒரு சித்திரத்தின் வழியாகத்தான் அறிகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1902 முதல் 1908 வரை, கிரேக்கத் தொல்லியல் சங்கம் விழுந்து கிடந்த சுவர்களையும் தூண்களையும் பொறுமையாக மீண்டும் நிறுத்தியது. நீங்கள் படங்களில் பார்க்கும் கருவறைச் சுவர்கள் பெரும்பாலும் அந்த வேலையின் பயன். ஆனால் அந்த மலையின் தட்பவெப்பம் கல்லுக்கு இரக்கம் காட்டுவதில்லை. அந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்கானது. நுண்ணிய வெடிப்புகள் நிறைந்தது. மழைநீர் அவற்றுக்குள் இறங்குகிறது. குளிர்கால இரவில் உறைகிறது. உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால் வெடிப்பை உள்ளிருந்து பிளக்கிறது. பகலில் உருகி இன்னும் ஆழமாக இறங்குகிறது. இதே செயல் ஆண்டுதோறும் பலமுறை நடந்தால் எந்தத் தூணும் தாங்காது. அடித்தளத்துக்குக் கீழே இருந்த மண்ணும் நீரால் இளகி, கட்டடம் ஒருசீராக இல்லாமல் இறங்கத் தொடங்கியது. எனவேதான் 1987இல், எஃகுக் கம்பங்களும் கம்பிவடங்களும் தாங்கும் பெரிய வெண்துணிக் கூடாரத்தை முழுக் கோயிலின் மேலும் விரித்தார்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித் தொடங்கியது இத்தனை ஆண்டுகளாக நீடிக்கிறது. தூண்களைக் கல் கல்லாகப் பிரித்து, அடித்தளத்தைச் சீராக்கி, உடைந்தவற்றை ஒட்டி, அதே இடத்தில் மீண்டும் ஏற்றும் வேலை மிக மெதுவாக நடந்துவருகிறது. அந்த மெதுவுக்காக நான் வருத்தப்படவில்லை. ஒரு தூணின் ஓர் உருளையை அவசரத்தில் தவறாக ஏற்றினால், அந்தப் பிழை அடுத்த 500 ஆண்டுகளுக்கு நிற்கும்.

போய்ப் பார்ப்பது தகுமா? மலைப் பின்னணியில் தூண்கள் நிற்கும் பழைய படங்களைப் பார்த்து அதே காட்சியைத் தேடிச் சென்றால் ஏமாற்றமே கிடைக்கும். கூடாரம் அந்தக் காட்சியை முழுவதுமாக விழுங்கிவிட்டது. ஆனால் நான் மேலே சொன்னபடி இந்தக் கோயிலின் உயிர் உட்புறத்தில்தான் இருக்கிறது. அதைக் கூடாரம் கெடுக்கவில்லை. துணியின் வழியாக வடிகட்டி வரும் சீரான வெளிச்சத்தில், கல்லின் அரிப்பும், உளித் தடமும், பிடிகளைப் பெயர்த்தவர்கள் விட்டுச்சென்ற துளைகளும், வெயிலில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். அருகிலுள்ள சிற்றூர் ஆந்திரிட்சேனா. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வளைந்து ஏறும் மலைப்பாதை. பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே நல்லது. ஒலிம்பியாவுக்கும் மெகலோபோலிஸுக்கும் இடையில் ஒரு முழு நாளை இதற்கென ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் பனியும் மூடுபனியும் இருக்கும். மற்ற காலங்களிலும் மலைமேல் காற்று குளிர்ந்து வீசக்கூடும் என்பதால் மேலாடை ஒன்று கையில் இருக்கட்டும். முடிந்தால் காலையிலேயே போய்விடுங்கள். நேரே வடக்கு முகப்பில் நின்றுவிடாமல், முதலில் கோயிலைக் கிழக்குப் பக்கமாகச் சுற்றிவந்து கருவறைச் சுவரில் அந்தப் பக்க வாயிலைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்; பிறகு வடக்கே திரும்பிவந்து உள்ளே பார்த்தால், சாய்ந்து நிற்கும் கடைசி இரு குறுஞ்சுவர்களும் எதைச் சுட்டுகின்றன என்பது விளங்கும். இன்று அங்கே தூண் இல்லை. அது நின்ற இடம் மட்டும் இருக்கிறது.

லண்டனுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 16ஆம் அறையில் சிற்பப் பட்டையைப் பாருங்கள். அந்த அறை சில நேரங்களில் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு செல்வது நல்லது. ஆக்ஸ்ஃபோர்டில் காக்கரெலே பின்னாளில் வடிவமைத்த ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் படிக்கட்டுச் சுவரிலும் அதன் சுண்ணச்சாந்து வார்ப்பு ஓடுகிறது. கட்டடத்தின் அயோனிக் தூண்களுக்கும் அவர் பாஸ்ஸேயின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார். இருபத்துமூன்று வயதில் நரிவளைக்குள் கண்டதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், மலையைத்தான் முதலில் பாருங்கள் என்பேன். வெறுமையான கருவறையைக் கண்ட கண்ணோடு அந்தப் பலகைகளின் முன் போய் நின்றால், அவற்றை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில், எந்தத் தூணின் தலைக்கு மேல் வைக்க வேண்டும் என்பதை உங்களால் கணக்கிட்டுக்கொள்ள முடியும்.